மாயா பஜாரைப் பெரிய திரையில் போடுதல்

‘மாயா பஜார்’ தமிழில் 1957 ஏப்ரல் 12 அன்று வெளியான கறுப்பு வெள்ளைப் படம். தெலுங்குப் பதிப்பு அதற்குச் சில நாள்கள் முன்னதாக, மார்ச் 27 அன்று வந்தது. விஜயா நிறுவனத்துக்காக கே. வி. ரெட்டி இயக்கினார். சென்னை வாகினி ஸ்டூடியோவில் மார்க்கஸ் பார்ட்லி ஒளிப்பதிவு செய்தார். பலராமன் மகள் வத்சலாவை அபிமன்யுவுக்கே மணமுடித்து வைக்கக் கண்ணனும் கடோத்கஜனும் நடத்தும் மாயந்தான் கதை. வியாச பாரதத்தில் இது இல்லை. மக்கள் வாயில் வளர்ந்த கதை. பாண்டவர் ஐவரில் ஒருவர்கூடத் திரையில் தோன்றாத பாரதப் படம் என்ற சிறப்பும் இதற்கு உண்டு. கடோத்கஜனாக எஸ். வி. ரங்காராவ், கண்ணனாக என். டி. ராமராவ், வத்சலாவாகச் சாவித்திரி ஆகியோர் இரு மொழிகளிலும் நடித்தனர். அபிமன்யு தமிழில் ஜெமினி கணேசன், சகுனி எம். என். நம்பியார், மாப்பிள்ளை இலக்கண குமாரன் கே. ஏ. தங்கவேலு.

இலங்கையின் வன்னிப் பெருநிலத்தில் போர்க்காலத்தில் வளர்ந்தவர்களில் மிகப் பலர் இந்தப் படத்தைத் தியேட்டரில் பார்த்தவர்கள் அல்லர். முற்றத்தில் வைத்த தொலைக்காட்சிப் பெட்டியில், பாயிலும் சாக்கிலும் இருந்து பார்த்தவர்கள். அவர்கள் இப்போது இதைப் பெரிய திரையில் பார்க்கும்போது, வசனம் வசனமாகத் தெரிந்த ஒரு படத்தை அதன் சொந்த அளவில் முதல் தடவை பார்க்கிறார்கள். அந்த முதல் தடவையைப் பழுதில்லாமல் கொடுப்பது படம் போடுபவரின் கையில் இருக்கிறது. அதற்கு அவர் அறிந்திருக்க வேண்டியவற்றில் தலையானது படத்தின் வடிவம்.

திரைப்படம் பேசத் தொடங்கியதிலிருந்து ஐம்பதுகள் வரை எடுக்கப்பட்ட பெரும்பாலான படங்களின் சட்டம் உயரம் 1 என்றால் அகலம் 1.37 என்ற அளவு கொண்டது. ஏறக்குறைய சதுரத்தை நோக்கிய பெட்டி. ‘மாயா பஜார்’ அந்த வடிவத்துக்கென்றே கட்டப்பட்ட படம். கடோத்கஜன் உயர்ந்து நிற்கும் உயரம், மாளிகைத் தூண்களின் நீளம், தோணிக்கு மேலே விடப்பட்ட வானம் எல்லாம் அந்தச் சட்டத்தின் உயரத்தை நம்பியவை. மேலேயோ கீழேயோ ஒரு துண்டை வெட்டினால் அந்த மாயத்தில் ஒரு பங்கு போய்விடும்.

பழைய தியேட்டர் ஒப்பரேட்டர்கள் இதை எவரும் சொல்லாமலே அறிந்திருந்தார்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அக்காலத்தில் தியேட்டர்கள் இருந்தன. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்தபின் இந்தியப் படங்களின் இறக்குமதி அதன் பொறுப்பானது. வரும் புதிய படங்கள் குறைந்தன. ஆகவே பழைய பிரதிகள் ஊர் ஊராகத் திரும்பத் திரும்பச் சுற்றின. பெருநகரங்களில் ஓடித் தேய்ந்த பிரதிதான் சிறு பட்டினத் தியேட்டர்களுக்கு வந்து சேரும். கீறல் விழுந்து திரை முழுக்க மழை பெய்யும். அறுந்த இடங்களில் ஒட்டு ஓடும்போது பாத்திரங்கள் ஒரு கணம் துள்ளி நிற்பார்கள்.

35 மில்லிமீற்றர் படச்சுருள் விநாடிக்கு 24 சட்டம் வீதம், நிமிடத்துக்கு 90 அடி ஓடும். மூன்று மணி நேரப் படம் 16,000 அடியைத் தாண்டும். 2,000 அடி ரீல் ஒன்று 22 நிமிடம் நிற்கும். அதனால் ஒரு காட்சிக்கு ஒன்பது ரீல் வேண்டும். இரண்டு புரொஜெக்டர்களை அருகருகே வைத்து, ஒன்று முடியும் நேரத்தில் மற்றதைத் தொடக்குவார்கள். ரீல் முடியுமுன் படத்தின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். அது மோட்டாரைத் தொடக்கும் குறி. சில விநாடிகளில் இரண்டாவது புள்ளி. அப்போது ஒளியை மாற்ற வேண்டும். விளக்கு என்பது இரண்டு கரிக்குச்சிகளின் நுனிக்கிடையே எரியும் மின்சுடர். குச்சி எரிந்து குறுகக் குறுக அவற்றின் இடைவெளியைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். கவனம் சற்றுத் தவறினாலும் திரை மஞ்சளாகி மங்கிவிடும்; கீழே கலரியிலிருந்து சீழ்க்கை எழும்.

அந்த அறையில் ஒரு சிறிய உலோகத் தகடும் உண்டு. சுருள் ஒளிக்கு முன்னால் ஓடும் வாயிலில் அதைச் செருகுவார்கள். அதன் நடுவில் வெட்டிய துளை எந்த வடிவமோ, திரையில் விழும் படமும் அந்த வடிவம். பழைய படத்துக்கு ஒரு தகடும் ஒரு லென்ஸும், அகன்ற திரைப் படத்துக்கு வேறு தகடும் வேறு லென்ஸும் உண்டு. படம் மாறும்போது தகட்டையும் மாற்றுவது ஒப்பரேட்டரின் முதல் வேலை. எண்ணியற் கருவி வந்தபோது தகடு போயிற்று. தகட்டோடு அந்தப் பழக்கமும் போயிற்று. இன்றைய தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வன்னியில் மின்சாரம் இல்லாமற் போயிற்று. எரிபொருளும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. அப்போதுதான் படம் போடுவது வேறொரு தொழிலாக மாறியது. தொலைக்காட்சி, வீடியோ டெக், ஜெனரேற்றர், வீடியோ கசெட் ஆகிய நான்கையும் ஒரு இரவுக்கு வாடகைக்குக் கொடுப்பது அந்தத் தொழில். கோயில் திருவிழா, பூப்புனித நீராட்டு, வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்த வீடு என்று எங்கேனும் ஓரிடத்தில் ‘விடிய விடியப் படம்’ என்று பேச்சுப் பரவும். பெட்டியைச் சைக்கிள் கரியரில் பழைய சேலையால் சுற்றிக் கட்டிக் கொண்டுபோவார்கள். ஜெனரேற்றரைப் பெற்றோல் துளி விட்டுத் தொடக்கி, மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். வசதி குறைந்த இடங்களில் 12 வோல்ட் பற்றரியில் ஓடும் கறுப்பு வெள்ளைச் சிறு பெட்டி போதும். கூத்துப் பார்த்துப் பழகிய ஊர்கள் இவை. காத்தவராயன் கூத்தை விடியுமட்டும் இருந்து பார்த்த மக்களுக்கு மூன்று படத்தை ஒரே இரவில் பார்ப்பது பாரமாக இருக்கவில்லை. எந்தப் படங்களைப் போடலாம் என்பதில் அக்காலத்துத் தணிக்கையும் இருந்தது. பழைய புராணப் படங்களும் மாயாஜாலப் படங்களும் குழந்தை முதல் கிழவி வரை எல்லாரோடும் இருந்து பார்க்கத்தக்கவை. அதனால் அவை அந்த இரவுகளின் முதற்படமாக நின்றன.

கசெட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஈ-180 என்று அச்சிட்ட கசெட்டில் மூன்று மணி நேரம் பதியலாம். எங்கள் நாட்டுத் தொலைக்காட்சி முறை விநாடிக்கு 25 சட்டம் காட்டுவது. படமோ 24 சட்டத்தில் எடுக்கப்பட்டது. இந்த முறையில் படத்தைக் கசெட்டுக்கு மாற்றும்போது அது நூற்றுக்கு நான்கு பங்கு வேகமாக ஓடும். மூன்று மணி நேரப் படம் 173 நிமிடத்தில் முடிந்துவிடும். நெடும்படம் ஒற்றைக் கசெட்டில் அடங்கியதற்கு இந்த வேகமும் ஒரு காரணம். ஆனால் அதே வேகத்தால் குரலும் பாட்டும் அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக மேலேறிவிடும். டெக்கில் கேட்டுக் கேட்டு மனத்தில் பதிந்தவர்கள் சரியான வேகத்தில் ஓடும் பிரதியைக் கேட்டால், கண்டசாலாவின் குரல் இறங்கி ஒலிப்பதாகவும் பாட்டுச் சற்று ஆறுதலாகப் போவதாகவும் உணர்வார்கள். கருவியில் பிழை என்று முறைப்பாடும் செய்வார்கள். பிழை இல்லை, இதுதான் பாடியவரின் உண்மைச் சுருதி.

டெக் காலத்துப் பிரதிகள் கசெட்டிலிருந்து கசெட்டுக்கு இறங்கியவை. ஒவ்வொரு பிரதியிலும் கோடுகள் கரைந்து முகங்கள் பஞ்சாகும். இருட்டுக் காட்சிகள் சாம்பலாகும். 2002இல் வன்னியூடாகப் போகும் ஏ9 பாதை திறந்தபின் குறுந்தட்டுகள் வந்தன. ஒரு படத்துக்கு மூன்று தட்டு. தட்டு மாற்றும் இடத்தில் கதை அறுந்து நிற்கும். துல்லியம் பெரிதாகக் கூடவில்லை. இருட்டுக் காட்சிகளில் சிறு சிறு கட்டங்கள் தெரிந்தன. 2009இல் போரின் முடிவில் வீடுகளோடும் வளவுகளோடும் இந்தப் பெட்டிகளும் கசெட்டுகளும் அழிந்தன. வன்னியில் அந்த இரவுகளின் கருவி ஒன்றை இன்று கண்டெடுப்பது அரிது.

அந்தச் சிறு பெட்டிக்கு உரிய மதிப்பையும் இங்கே கொடுக்க வேண்டும். பழைய தொலைக்காட்சித் திரையின் வடிவம் 4க்கு 3, அதாவது 1.33. படத்தின் 1.37க்கு அது மிக நெருக்கம். மங்கலாகவும் சிறிதாகவும் காட்டினாலும், முற்றத்துத் தொலைக்காட்சி ‘மாயா பஜாரை’ ஏறத்தாழ முழுச் சட்டமாகவே காட்டியது. இன்றைய அகன்ற திரைகள் பெரிதாகவும் துல்லியமாகவும் காட்டிவிட்டு, சட்டத்தைக் கெடுத்துவிடக்கூடியவை. போர்க்காலத்துப் பிள்ளைகள் பார்த்த முழுமையைப் பெரிய அளவில் திருப்பிக் கொடுப்பதுதான் இப்போது செய்ய வேண்டிய வேலை.

கெடுவது மூன்று வழிகளில். முதலாவது இழுப்பு. 4க்கு 3 படத்தை 16க்கு 9 திரை முழுவதும் நிரப்பினால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு அகலமாகும். சாவித்திரியின் முகம் வீங்கும், தேர்ச்சக்கரம் முட்டையாகும். இன்றைய அகன்ற தொலைக்காட்சியில் இப்படிப் பார்த்துப் பழகியவர்கள் இதைக் கவனிக்காமலும் விடுவார்கள். படம் போடுபவர் விடக்கூடாது. இரண்டாவது வெட்டு. 16க்கு 9 நிரம்பும்படி பெரிதாக்கினால் சட்டத்தின் உயரத்தில் கால்வாசிக்குச் சற்றுக் குறைவாக வெளியே போகும். சினிமாஸ்கோப் அகலத்துக்கு வெட்டினால் பாதிக்குச் சற்றுக் குறைவாகப் போகும். மூன்றாவது, ஏற்கெனவே வெட்டப்பட்ட பிரதி. ‘மாயா பஜார்’ தெலுங்குப் பதிப்புக்கு ஹைதராபாத் கோல்ட்ஸ்டோன் நிறுவனம் நிறமூட்டி, ஒலியைப் பல தடங்களாக்கி, அகன்ற திரை வடிவத்துக்கு மாற்றி 2010 ஜனவரி 30 அன்று வெளியிட்டது. அந்த முயற்சி ஒரு புதிய தலைமுறையைத் தியேட்டருக்கு அழைத்துவந்தது. அதன் உழைப்பு பெரிது. ஆனாலும் பார்ட்லி ஒளியாலும் நிழலாலும் கட்டியது கறுப்பு வெள்ளையில்தான் முழுதாக நிற்கிறது. தெரிவு இருக்குமானால் கறுப்பு வெள்ளைப் பிரதியை, வெட்டாத சட்டத்தோடு எடுக்க வேண்டும். உரிமையாளரின் அனுமதியும் வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பிரதிகள் பலவற்றில் பாட்டுகள் குறைந்திருக்கும். மூலையில் ஏதோ ஒரு நிறுவனத்தின் முத்திரை மூன்று மணி நேரமும் நிற்கும்.

திறந்த வெளியில் போடும்போது எளிய வழி ஒன்று உண்டு. பாடசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் கிடக்கும் பழைய புரொஜெக்டர்களில் பல 1024க்கு 768 புள்ளி கொண்டவை. அவையும் 4க்கு 3. புதிய அகன்ற கருவியைத் தேடி வாடகைக்கு எடுப்பதைவிட இந்தப் படத்துக்கு இவையே பொருத்தம். 12 அடி அகலம், 9 அடி உயரத்தில் சீலை கட்டினால் படம் ஏறத்தாழ முழுவதும் நிரம்பும்; மேலும் கீழும் மெல்லிய கறுப்புக் கரை மட்டும் மிஞ்சும். 3,000 லூமன் கருவியின் ஒளி அந்த 108 சதுர அடியில் பரவும்போது கணக்கின்படி சதுர அடிக்கு 28 லூமன் வரும். தியேட்டர்களின் நியமம் 14 முதல் 16 வரை. விளக்கு பழசாகி, வடிகட்டியில் செம்மண் தூசு அடைந்து, ஒளி பாதியாகக் குறைந்திருந்தாலும் போதுமானது என்று பொருள். வடிகட்டியை ஒவ்வொரு காட்சிக்கும் முன் தட்டித் துடைப்பது வன்னியில் கட்டாயம்.

ஒளியைவிட இருளுக்கே அதிகம் பாடுபட வேண்டும். புரொஜெக்டர் கறுப்பை வீசுவதில்லை; ஒளி விழாத சீலைதான் கறுப்பு. கச்சான் வண்டியின் மின்குமிழும், கோயில் முகப்பின் வண்ண விளக்கும் சீலையில் பட்டால் அந்த அளவுக்குக் கறுப்பு வெளுக்கும். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் வைகாசி முழுநிலவையொட்டி வருவதுபோல வன்னியின் விழா நாள்கள் பல நிலவு நாள்களே. நிலவைத் தவிர்க்க முடியாதபோது அது சீலையின் பின்பக்கம் நிற்கும்படி திரையை நாட்டி, பின்புறத்தைத் தடித்த படங்கால் மூடினால் பெரும்பகுதி தப்பும். மாலை ஆறரைக்குப் பொழுது சாய்ந்தாலும் ஏழரைக்கு முன் தொடங்கக்கூடாது. முதற் பத்து நிமிடம் வெளுத்துப் போனால் அதன்பின் படம் முழுக்க வெளுத்ததாகவே பார்ப்பவர் மனத்தில் நிற்கும்.

வைகாசி முதல் ஆவணி வரை சோழகம் வீசும். சீலை பாய்மரமாகப் புடைத்து, முகங்கள் அலையும். இரும்புக் குழாயில் நாற்புறமும் ஒரு சாணுக்கு ஒரு கட்டாக இழுத்துக் கட்டி, காற்றுக்கு முதுகு காட்டி நாட்ட வேண்டும். சீலையின் கீழ்விளிம்பு நிலத்திலிருந்து நாலைந்து அடி உயரத்தில் நின்றால் பின்னாலிருப்பவருக்கும் தலை மறைக்காது. கருவியை உழவு இயந்திரப் பெட்டியின் மேல் வைத்தால் ஒளிக்கற்றை ஆட்களுக்கு மேலாகப் போகும். மாரி தொடங்கியபின் இந்த வேலையே இல்லை.

ஒலிக்கு கோயில் குழாய் ஸ்பீக்கர் உதவாது. அது கனத்த சுரங்களை விழுங்கிவிடும். ரங்காராவின் குரலில் பாதி அந்தச் சுரங்களில் இருக்கிறது. இந்தப் படத்தின் ஒலி ஒற்றைத் தடம். ஆகவே இரண்டு பெட்டி ஸ்பீக்கர்களையும் திரையின் நடுவுக்குக் கிட்டவாக, இரண்டிலும் ஒரே ஒலி வரும்படி வைப்பது நல்லது. தூரத் தூர வைத்தால் வாய் ஓரிடத்திலும் குரல் ஓரிடத்திலுமாக இருக்கும். ஜெனரேற்றர் தேவைப்பட்டால் காற்று போகும் திசையில், நூறடிக்கு அப்பால்.

இவ்வளவும் சரியாக அமைந்தால் சிறு பெட்டியில் கிடைக்காதவை ஒவ்வொன்றாகத் தெரியவரும். முதலில் துவாரகை. வாகினி ஸ்டூடியோவில் 50க்கு 60 அடி இடத்தில் கலை இயக்குநர்கள் கோகலேயும் கலாதரும் அமைத்த ஏறத்தாழ 300 சிறு வீடுகள் அவை. தொலைக்காட்சியில் ஒரு சாம்பற் பட்டையாக ஓடிய நகரம், இங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஒளி எரியும் நகரமாக விரிகிறது. அவை மாதிரி வீடுகள் என்று கண் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்தபின் அந்தக் கைவேலையின் மீது மதிப்புக் கூடும்.

தோணிப் பாட்டின் நிலவொளி இந்தப் படத்தின் பெருமை.  நிலவொளியின் பெரும்பகுதி ஸ்டூடியோவுக்குள் உண்டாக்கப்பட்டது. கசெட்டில் நீரும் வானும் ஒரே மங்கலாகப் போய், பாட்டு மட்டும் நிற்கும். திரையில் நீரின் மேல் நடுங்கும் ஒளித்துண்டுகள் வேறு, முகத்தில் விழும் ஒளி வேறு, பின்னால் கரையின் இருள் வேறு என்று மூன்றும் பிரிந்து தெரியும். இருளைக் காப்பாற்றப் பட்ட பாடு இந்தச் சில நிமிடத்துக்காகவே பட்டது என்று சொன்னாலும் தகும்.

சாவித்திரியின் நடிப்பு இதற்கு அடுத்தது. கடோத்கஜன் வத்சலாவின் உருவெடுத்து மணமகளாக வந்திருக்கும் பகுதியில் உடல் பெண்ணுடையது, நடையும் பார்வையும் அரக்கனுடையவை. பெரிய அசைவுகள் சிறு பெட்டியிலும் தெரிந்தன, சிரிப்பும் வந்தது. ஆனால் ஒரு கணத்தில் நாணம் வந்து மறுகணமே கண் உருண்டு மாறுகிற அந்த இடைவெளி, ஒன்பதடி உயர முகத்தில்தான் பிடிபடும். பிள்ளை வயதில் மாயத்தை மட்டும் பார்த்தவர்கள் இப்போது நடிப்பைப் பார்க்கிறார்கள். திரும்பப் பார்ப்பதில் கிடைக்கும் பெரும்பேறு இதுவென்றே கொள்ளலாம்.

திருமண விருந்துப் பாட்டு எல்லாரும் காத்திருக்கும் இடம். திருச்சி லோகநாதன் பாட, ரங்காராவ் உண்ண, இலட்டுகள் தாமாக நகர்ந்து வாய்க்குள் போகும். பெரிய திரையில் தந்திரத்தின் தையல் தெரியும்: சட்டம் வெட்டிய இடத்தில் ஒளி சற்றுத் தாவும், பாத்திரத்தின் நிழல் இடம் மாறும். பிரான்சில் மெலியெஸ் 19ஆம் நூற்றாண்டின் முடிவிலேயே கையாண்ட, கருவியை நிறுத்திப் பொருளை மாற்றி மீண்டும் ஓட்டும் முறையின் வழிவந்த தந்திரங்கள் இவை. கணினி மாயங்களைக் கைத்தொலைபேசியில் பார்த்து வளரும் இன்றைய பிள்ளைகளும் இந்த இடத்தில் எழும்பி நின்று சிரிக்கிறார்கள். மாயத்தைச் செய்பவன் அதை இவ்வளவு மகிழ்ச்சியோடு செய்வதுதான் அவர்களைப் பிடிக்கிறது.

படத்தில் பிரியதர்சினி என்று ஒரு பேழை வருகிறது. திறந்து பார்ப்பவருக்கு அவர் மனத்துக்குப் பிரியமானது தெரியும். வத்சலா திறந்தால் அபிமன்யு. சட்டத்துக்குள் சிறு சட்டமாகப் படத்தைப் பதித்த தந்திரம் அது. தொலைக்காட்சிப் பெட்டியில் அந்தச் சிறு சட்டம் பெருவிரல் நகமளவே இருந்தது. அபிமன்யுவின் முகத்தை ஊகித்துத்தான் அறிய வேண்டும். 12 அடிச் சீலையில் முகம் தெளிவாகத் தெரிகிறது.

பார்ப்பவர்கள் அமைதியாக இருப்பார்கள் என்று எதிர்பார்க்கக்கூடாது. தங்கவேலுவின் வசனம் வருமுன் கூட்டத்திலிருந்து வந்துவிடும். இதை அடக்க முயலாமல், ஒலியைச் சற்றுக் கூட்டிவைப்பது போதும். இடைவேளை கட்டாயம் வேண்டும். படத்தின் சொந்த இடைவேளையிலேயே நிறுத்த வேண்டும். தேநீருக்காகப் பாட்டின் நடுவில் நிறுத்துவது படத்துக்கும் பார்ப்பவருக்கும் செய்யும் அநியாயம். நேரம் போதாது என்று பாட்டைத் தாண்டி ஓட்டுவதும் அவ்வாறே.

வண்ணத்தில் எடுத்த மாயாஜாலப் படங்களுக்கு வேறொரு கவனம் தேவை. மொடேர்ன் தியேட்டர்ஸ் 1956இல் வெளியிட்ட ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். கேவா கலரில் எடுக்கப்பட்டது. பற்றரியில் ஓடிய கறுப்பு வெள்ளைப் பெட்டியில் பார்த்த வன்னிப் பிள்ளைகளுக்கு அது நிறமற்ற படமாகவே மனத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் ‘விசார்ட் ஒஃப் ஓஸ்’ (1939) 1956இல் தொலைக்காட்சிக்கு வந்தபோதும் இதுவே நடந்தது. கன்சாஸ் காட்சிகள் மங்கலாக இருந்து மாய நாட்டில் நிறம் பொங்கும் இடம், நிறப்பெட்டி இல்லாத வீடுகளில் தெரியாமலே போயிற்று. இத்தகைய படத்தைப் போடுமுன் பிரதியின் நிறத்தைச் சோதிக்க வேண்டும். பழைய வண்ணச் சுருளின் சாயங்கள் ஒரே சீராக மங்குவதில்லை. நீலமும் பச்சையும் போய்ச் செந்நிறம் மட்டும் நிற்கும் பிரதிகள் உண்டு. அப்படிப்பட்ட பிரதியைக் கருவியின் நிற அமைப்பைத் திருகிச் சரிக்கட்ட முனைந்தால் தோல் நிறம் இன்னும் கெடும். அமைப்பைத் தொடாமல் விட்டு, நிறம் திருத்திய பிரதியைத் தேடுவதே முறை.